மணலுக்குள் தண்ணீர்

அன்பின் மச்சான்,

உன்னுடைய குரல்பதிவை மூன்று தரம் போட்டுக் கேட்டேன். வயலுக்குள் நின்று கதைத்திருக்கிறாய் போல, பின்னால் மயில் கத்துவதும் கேட்டது. சிறுபோகத்துக்குக் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் உனக்குக் கிடைத்த பங்கு அரை ஏக்கருக்குக்கூடக் காணவில்லை என்றாய். காலபோக விதைப்புக்கு நிலத்தைப் பண்படுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாய். கடைசியாக ஒன்று கேட்டாய்: "எங்கட சனமே இங்க கஷ்டப்படுது, நீ என்னடாப்பா ஆபிரிக்காக்காரனுக்குக் கோதுமை வெட்டிக்கொண்டிருக்கிறாய்?"

நீ கோபத்தில் கேட்கவில்லை என்று தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. வட்ஸ்அப்பில் பதில் தட்டத் தொடங்கி அழித்துவிட்டேன். கடிதமாக எழுதினால்தான் சரிவரும்.

முதலில் இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கனடாவின் மனிரோபா மாகாணத்தில் தெற்குப் பக்கம் முழுக்கக் கோதுமையும் கனோலா என்ற எண்ணெய் வித்தும்தான். எங்கள் ஊரில் ஏழெட்டுக் கமக்காரர் சேர்ந்து 80 ஏக்கரைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் நிலம் தருவார், இன்னொருவர் விதை தருவார், உரக்கடைக்காரர் விலையைக் குறைப்பார். மே மாதம் விதைப்பு, ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பரில் அறுவடை. விற்ற காசு முழுவதும் வின்னிபெக்கில் இருக்கிற கனேடியன் ஃபூட்கிரெயின்ஸ் பாங்குக்குப் போகும். நான் அதைத் தானிய வங்கி என்றே எழுதுகிறேன். பதினைந்து திருச்சபை அமைப்புகள் சேர்ந்து நடத்துகிற ஸ்தாபனம் அது. நாடு முழுக்க இப்படி 200க்கு மேற்பட்ட கூட்டு வயல்கள் இருக்கின்றன. அவசர உணவு உதவிக்கென்றால் கனடா அரசும் ஒரு டொலருக்கு நாலு டொலர் வரை சேர்த்துக் கொடுக்கும், வருஷத்துக்கு 25 மில்லியன் என்ற எல்லைக்குள். நான் முருகன் கோயிலுக்குப் போகிறவன் என்று எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் அதை ஒருவரும் ஒரு கேள்வியாகக் கேட்டதில்லை. சாப்பாடு வாங்குகிற சனத்திடமும் மதம் கேட்பதில்லை.

நான் பாடசாலை பஸ் ஓட்டுகிறவன், பெரிய வண்டி ஓட்டத் தெரியும். அதனால் அறுவடையன்று தானிய லொறி என்னுடைய பொறுப்பு. இந்த முறை ஏழு கொம்பைன் அறுவடை இயந்திரங்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் சரிவாக இறங்கும்போது வயல் முழுக்கத் தூசி எழும்பி வெயிலே மஞ்சளாகிவிட்டது. மத்தியானத்துக்குள் முக்கால்வாசி முடிந்தது. லொறியை எலிவேற்றருக்கு, அதுதான் தானியம் வாங்குகிற களஞ்சியத்துக்கு, கொண்டு போனால் முதலில் நிறுப்பார்கள். மேலிருந்து ஒரு நீளக் குழாயைத் தானியத்துக்குள் குத்தி மாதிரி எடுப்பார்கள். கோதுமையின் ஈரம் 14.5 வீதத்துக்கு மேலே போனால் விலை விழும், அதனால் அந்த இலக்கம் வரும்வரை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இந்த முறை 13.8. சன்னலுக்குள் இருந்த பிள்ளை சீட்டு அடித்துத் தந்தாள். விற்றவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தானிய வங்கியின் கணக்குப் பெயர். வெயிலில் நின்ற ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. அந்தச் சீட்டைக் கையில் வாங்குகிற நேரம் எனக்கு நல்லூர்த் தேர் வடத்தில் கை வைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் குழுவில் எண்பது வயது தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார், மெனோனைற் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். அவருடைய தாயார் உக்ரேனில் பிறந்தவர். 1921, 22 பஞ்சத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த மெனோனைற்றுகள் அங்கே கஞ்சிச்சாலை திறந்தார்கள். அந்தத் தாயார் சின்னப் பிள்ளையாக அதில் வரிசையில் நின்று சாப்பிட்டிருக்கிறார். சாப்பாடு மட்டுமில்லை, குதிரைகள் எல்லாம் செத்துப்போன வயல்களை உழுவதற்கு 50 ஃபோர்ட்சன் உழவு இயந்திரங்களையும் கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். பிறகு அங்கிருந்து மெனோனைற்றுகள் இருபதாயிரம் பேரளவில் கனடாவுக்கு வந்து இந்தப் புல்வெளிகளில் குடியேறினார்கள். அந்தப் பசியை மறக்காத கமக்காரர்தான் 1976இல் தங்கள் தானியத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கத் தொடங்கினார்கள். 1983இல் மற்றச் சபைகளும் சேர்ந்து அது தானிய வங்கியானது.

அவர் இதைச் சொன்னபோது எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். 96இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்த புதிதில், கூட்டுறவுச் சங்க வாசலில் நிவாரண அட்டையோடு நீயும் நானும் விடியப்புறமே போய் நிற்போமே. அரிசி, மா, பருப்பு, சீனி. உன்னுடைய அம்மா அந்த மாவில் அவித்த புட்டுக்கு இன்றைக்கும் ஈடில்லை. மூட்டையில் எந்த நாட்டுப் பெயர் எழுதியிருந்தது என்று அப்போது நாங்கள் பார்க்கவில்லை. யாரோ ஒருவன் எங்கள் முகம் தெரியாமல் விதைத்திருக்கிறான், அவ்வளவுதான். நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற முதல் பதில் இது.

இரண்டாவது பதில் கொஞ்சம் நீளம். நாங்கள் வெட்டுகிற கோதுமை இப்போது கப்பலேறுவதில்லை. முன்னர் ஏறியது. கனடா அரசின் காசில் கொடுக்கிற உணவில் 90 வீதம் கனடாவிலேயே வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. சுனாமி வந்த நேரத்திலும் அதுதான் விதி. யோசித்துப் பார், சோறு தின்கிற சனத்துக்குக் கடலைத் தாண்டிக் கோதுமை. கப்பல் போய்ச் சேர மாதக்கணக்காகும், கூலி பாதியைத் தின்றுவிடும். வந்திறங்கிய இலவசத் தானியம் பக்கத்து ஊர்க் கமக்காரனின் விலையையும் விழுத்திவிடும். இதை மாற்றச் சொல்லி அரசிடம் கேட்டவர்களில் தானிய வங்கியும் இருந்தது. தங்கள் தானியம் வேண்டாம், பசி இருக்கிற இடத்துக்குக் கிட்டவே வாங்குங்கள் என்று தானியம் விளைவிக்கிறவர்களே போய்ச் சொல்வது லேசான காரியமா? 2005இல் பாதியை வெளியே வாங்கலாம் என்று வந்தது, 2008இல் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது. பெரியவர் சொன்னார், அந்த நாளில் ஊர்க் கூட்டங்களில் சிலருக்கு மனவருத்தம் இருந்ததாம். தன் கையால் விளைந்ததுதான் ஒரு பிள்ளையின் கோப்பைக்குப் போகிறது என்ற நினைப்பை விடுவது கஷ்டம். எனக்கு அது விளங்குகிறது. ஆனாலும் விட்டார்கள்.

போன மாசி மாதம் நான் கென்யாவுக்குப் போனேன். குழுவில் நாலு பேர், அவரவர் செலவில். நைரோபியிலிருந்து தென்கிழக்காக ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் மச்சாக்கோஸ். கம்பா மக்களின் நாடு. சிவப்பு மண், முள்மரம், காய்ந்த ஆறுகள். வவுனியாவைத் தாண்டிப் போகிற மாதிரியே இருந்தது. 2020 ஒக்ரோபர் தொடங்கி 2022 கடைசி வரை அங்கே ஐந்து மழைப்பருவம் வரிசையாகப் பொய்த்துப்போனது. இந்த வறட்சிக்குப் பூமி சூடாவதுதான் பெரிய காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கடுத்த வருஷக் கடைசியில் எல் நினோ மழை வெள்ளமாக வந்து இருந்த மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு போனது. நீ படுகிற பாடுதான், பெயர் மட்டும் வேறு.

எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். அங்கே தாயை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி, குறுக்கே கட்டியிருந்த ஒரு கொங்கிறீற் சுவருக்கு மேல்பக்கமாக நடந்தோம். சுவர் என்னுடைய நெஞ்சளவு உயரம். மேல்பக்கம் முழுக்க மணல், பார்த்தால் பாலைவனம். ஓரிடத்தில் ஆடு இறங்காதபடி முள்ளு வேலி போட்டிருந்தார்கள். மாமா முழங்காலில் இருந்து கையால் தோண்டினார். முழங்கையளவு போனதும் மணல் கறுத்தது, பிறகு மினுங்கியது, பிறகு குழி மெல்ல மெல்ல நிரம்பியது. ஒரு கல்பாஸில், அதுதான் சுரைக்குடுவையில், அள்ளித் தந்தார். குளிர்ந்த தண்ணீர், மச்சான். மாசி வெயிலில், ஆறு செத்துக் கிடக்கிற இடத்தில்.

இதை மணல் அணை என்கிறார்கள். ஆற்றின் அடியில் பாறை இருக்கிற இடமாகப் பார்த்துச் சுவர் கட்டுவார்கள். மழை வந்து ஆறு பெருகும்போது பாரமான மணல் சுவருக்குப் பின்னால் தங்கிவிடும், வண்டலும் சேறும் மேலால் வழிந்து போய்விடும். மூன்று நாலு பருவத்தில் மணல் நிரம்பும். அந்த மணலின் கனஅளவில் கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும். வெயில் அதைக் குடிக்க முடியாது, நுளம்பு முட்டையிட முடியாது. 1978இல் ஜோஷுவா முகுஸ்யா என்பவர் தன் ஊர்க்காரரைச் சேர்த்துக்கொண்டு இதைக் கட்டத் தொடங்கினார். அவர்களுடைய ஊட்டூனி அமைப்புக்குக் கைகொடுத்த வெளியாரில் இங்கத்தைய மெனோனைற் மத்திய குழுவும் ஒன்று.

வெளியிலிருந்து வருவது சீமெந்தும் கம்பியும் ஒரு பொறியியலாளரும்தான். கல் சுமப்பது, மணல் அள்ளுவது, தண்ணீர் தூக்குவது எல்லாம் அந்த ஊர். கம்பா மொழியில் அந்தக் கூட்டு வேலைக்கு முவெத்யா என்று பெயர், எங்கள் சிரமதானம் மாதிரி. வருகிறவர்களில் கூடுதலான ஆட்கள் பெண்கள். வெள்ளைக்கார ஆட்சி கட்டாயப்படுத்தி வரம்பு கட்டச் சொன்னபோது எதிர்த்து நின்ற அதே மக்கள், பிறகு தாங்களே குழு சேர்ந்து மலைச்சரிவு முழுக்கப் படிவரம்பு கட்டியிருக்கிறார்கள். கானைத் தோண்டி மண்ணை மேல்பக்கமாக எறிவது அவர்கள் முறை, சுவாஹிலியில் ஃபான்யா ஜூ. நாங்கள் தொண்டர் என்று சொல்லிக்கொண்டு போனோம். உண்மையான தொண்டர் அங்கேதான் இருந்தார்கள்.

மாமாவின் தோட்டத்தில் இன்னொன்றைப் பார்த்தேன், உனக்குப் பிடிக்காது. அவர் உழுவதில்லை. அகல உழுவதை விட ஆழ உழு என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே வெயில் காலத்திலேயே சின்னச் சின்னக் குழி தோண்டி, ஒரு பிடி எரு போட்டு வைத்து, முதல் மழைக்குச் சோளம் ஊன்றுகிறார். இடையில் அவரையும் துவரையும். அதே அவரைதான், மச்சான்! கிக்கூயு மக்கள் அதை ன்ஜாஹி என்கிறார்கள், பிள்ளை பெற்ற தாய்க்குச் சமைத்துக் கொடுப்பார்களாம். அவரைக் கொடி படர்ந்து நிலத்தை மூடிவிடும், ஈரம் போகாது. அறுவடை முடிந்ததும் சோளத் தட்டையை அப்படியே நிலத்தில் பரப்பிவிடுவார். தட்டையை நீக்கி மண்ணைக் காட்டினார், மண்புழு நெளிந்தது. வேலிக்கு அப்பால் உழுத தோட்டத்து மண் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது.

சும்மா புகழவில்லை. முதல் இரண்டு வருஷம் களை கூடுதலாக வரும், பிடுங்குகிற வேலை பெண்களின் தலையில்தான் விழும். தட்டை மண்ணுக்கா மாட்டுக்கா என்று ஒவ்வொரு வீட்டிலும் சண்டை. மாமாவும் முதலில் தோட்டத்தின் ஒரு மூலையில்தான் செய்து பார்த்திருக்கிறார். மற்றப் பக்கம் வழமைபோல உழுதாராம். ஐந்தாவது பருவமும் பொய்த்தபோது அந்த மூலையில் மட்டும் இரண்டு சாக்குச் சோளம் வந்தது என்றார்.

மண், எரு என்று நான் தொடங்கினாலே உனக்கு 2021 ஞாபகம் வரும். அரசாங்கம் ஒரு இரவில் இரசாயன உரத்தை நிறுத்திவிட்டு இயற்கை விவசாயம் செய் என்றது. நெல் மஞ்சளாகி நின்ற படத்தை நீ அனுப்பினாய், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சொல்வது அது இல்லை. வயல் நெல்லை நீ உன் முறைப்படியே செய். கிணற்றடிக்குப் பின்னால் இருக்கிற மேட்டுக்காணியில் கால் ஏக்கர் மட்டும் எடு. வைக்கோலை எரிக்காமல் அங்கே பரப்பு. சோளத்துக்கு இடையில் அவரை ஊன்று. பக்கத்தில் இன்னொரு கால் ஏக்கரை வழமைபோலச் செய், இரண்டையும் நீயே பார்த்து முடிவு எடு. விதைச் செலவு என்னுடையது, மறுக்காதே. தங்கச்சிக்கும் இதை வாசித்துக் காட்டு. களை பிடுங்கப் போகிறது அவதான், அவவுடைய சொல்லும் வேண்டும்.

இன்னொன்று. கனகராயன் ஆற்றில் இரவிரவாக மணல் லொறி ஓடுகிறது என்று முந்தி எழுதியிருந்தாய். மச்சாக்கோஸுக்குப் பக்கத்து மாவட்டமான மக்குவேனியிலும் அதே கொடுமை. 2015இல் அவர்கள் மணலைக் காக்கவே தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். மணல் போனால் தண்ணீர் போகும் என்று அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. உங்கள் கமக்காரர் அமைப்பில் இதைக் கதைத்துப் பார்.

வீட்டில் எல்லாரும் சுகம். மூத்தவள் வின்னிபெக்கில் படிக்கிறாள், அறுவடைக்கு வந்து எனக்குப் பக்கத்தில் லொறியில் இருந்தாள். அம்மாவின் முழங்கால் நோ எப்படி? குளிர் தொடங்கிவிட்டது, இங்கே வயல் எல்லாம் அறுத்த வெறும் தாள்தான்.

நிவாரண வரிசை முடிந்து வருகிற வழியில் அந்தக் கனகராயன் ஆற்றுக்குள் இறங்கி நாங்கள் ஊற்றுத் தோண்டிக் குடிப்போமே, மருதமரம் சாய்ந்து நின்ற வளைவில். இந்தக் கிழமை நேரம் கிடைத்தால் ஒருக்கால் அங்கே போய்க் கையால் தோண்டிப் பார். எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் வருகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்