வரைந்தது ஏன் மறைகிறது? எங்கள் விட்ஜெட்டைப் பயன்படுத்தும் நிரலாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் வரைபட விட்ஜெட்டை (நிரலின் விண்டோவுக்குள் படம் காட்டும் உறுப்பை)ப் பற்றி வரும் கடிதங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி தென்படுகிறது: "முதலில் சரியாகத்தான் தெரிந்தது, பிறகு பாதியைக் காணவில்லை." விண்டோவைப் பெரிதாக்கியதும் கோடு போய்விட்டது என்பார் ஒருவர், வேறு டேப்புக்குப் போய்த் திரும்பினால் வெறுமையாக இருக்கிறது என்பார் இன்னொருவர். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். வரைந்தது திரையிலேயே தங்கிவிடும் என்ற நம்பிக்கையில் அந்த நிரல் எழுதப்பட்டிருக்கிறது.

திரை என்பது பொதுக் கரும்பலகை. அடுத்து வருபவர் உங்களைக் கேட்டுக்கொண்டு அழிக்கமாட்டார். விண்டோவின் அளவு மாறினாலும், அது சுருங்கி மீண்டாலும், "இந்தப் பகுதியை மறுபடி வரை" என்று பெயின்ட் செய்தி வரும். வரும்போதெல்லாம் கையில் உள்ள தரவிலிருந்து முழுப் படத்தையும் வரைய நிரல் தயாராக இருக்க வேண்டும். பட்டனை அழுத்திய இடத்திலேயே கோடு இழுத்தால், அடுத்த பெயின்ட்டில் அது காணாமல் போவது இயல்பு. பட்டன் தரவை மாற்றட்டும், மாறிவிட்டதாகத் தெரிவிக்கட்டும். வரைவது, பெயின்ட் செய்தி வரும்போது இயங்கும் செயற்கூறான (ஃபங்ஷன்) பெயின்ட் ஹேண்ட்லருக்குள் மட்டும் நடக்கட்டும்.

தெரிவிக்கும் முறையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விண்டோ, பட்டன் போன்றவற்றை உருவாக்க உதவும் நிரல் தொகுப்புகளில் ஒன்றான ஜாவா ஸ்விங்கில் 'ரீபெயின்ட்' என்பது வெறும் வேண்டுகோள். க்யூட்டி (Qt) என்ற இன்னொரு தொகுப்பில் அதே பெயர் உடனே வரையச் சொல்லும் கட்டளை. அங்கே வேண்டுகோளுக்கு 'அப்டேட்' என்று பெயர். நூறு முறை அப்டேட்டை அழைத்தாலும் க்யூட்டி அவற்றைச் சேர்த்து ஒரே முறை வரைந்துவிடும். ரீபெயின்ட்டை நூறு முறை அழைத்தால் நூறு முறையும் வரையும், பிறகு விட்ஜெட் மந்தமாக இருக்கிறது என்று எங்களுக்குக் கடிதம் வரும்!

"எங்கள் கணினியில் வரவில்லை, பயனர் கணினியில்தான் வருகிறது" என்பவர்களுக்கு ஒரு சொல். பழைய விண்டோஸில் வேறொரு விண்டோவை மேலே இழுத்துச் சென்றாலே இந்தப் பிழை அம்பலமாகிவிடும். விண்டோஸ் 8 முதல், ஒவ்வொரு விண்டோவின் படத்தையும் இயங்குதளமே தனி நினைவகத்தில் எப்போதும் வைத்துக்கொள்வதால், இழுத்துப் பார்க்கும் சோதனை எதையும் காட்டாது. அளவை மாற்றிப் பாருங்கள்.

மினுமினுப்பு வேறு கதை. முதலில் பின்னணி அழிகிறது, பிறகு படம் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள வெறுமையைக் கண் பிடித்துவிடுகிறது. விண்டோஸில் நேரடியாக எழுதுபவர்கள், பின்னணியை அழிக்கும் செய்தியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, படத்தை நினைவகத்தில் வரைந்து மொத்தமாகத் திரைக்கு நகலெடுக்க வேண்டும். க்யூட்டியும் ஸ்விங்கும் இதைத் தாமாகவே செய்கின்றன. அங்கே நீங்களும் ஒரு பஃபர் (படத்தை முதலில் வரையும் நினைவகப் பகுதி) வைத்தால் பெரும்பாலும் நினைவகம்தான் வீண்.

சற்று நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறினால், டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ ஆப்ஜெக்ட் (பேனா, தூரிகை போன்ற விண்டோஸின் வரையும் பொருள்கள்) எண்ணிக்கைக்கான நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போகிறதா? பெயின்ட்டுக்குள் உருவாக்கிய பேனாவையோ தூரிகையையோ நிரல் விடுவிக்கவில்லை. ஒரு நிரலுக்கு விண்டோஸ் வழக்கமாக அனுமதிப்பது 10,000. நொடிக்கு 60 முறை வரைந்து, முறைக்கு ஒரு பேனா கசிந்தால், மூன்று நிமிடத்துக்குள் கணக்குத் தீர்ந்துவிடும். மெதுவாக வரையும் நிரலில் இதே கசிவு வெளிப்பட நாள் கணக்கில் ஆகலாம், அதுதான் தொல்லை.

பைதானின் விண்டோ உருவாக்கும் தொகுப்பான டிகின்டரில் படம் மட்டும் வெறுமையாகத் தெரிந்தால், அந்தப் படப் பொருளைச் செயற்கூற்றின் உள்மாறியில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். செயற்கூறு முடிந்ததும் பைதான் அதைக் குப்பையாக அள்ளிவிடுகிறது. விட்ஜெட்டோடு சேர்த்து அந்தப் படப் பொருளுக்கு ஒரு சுட்டுக்குறிப்பை (ரெஃபரன்ஸ்) பிடித்துவைத்தால் போதும்.

எழுத்து மங்கலாகத் தெரிந்தால் திரை அளவுவிகிதத்தை (எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் 'ஸ்கேலிங்' அமைப்பை)க் கவனியுங்கள். விண்டோஸில் 100 விழுக்காடு என்றால் அங்குலத்துக்கு 96 புள்ளிகள், 150 என்றால் 144. இந்த மாற்றத்தை அறிந்துகொள்ளாத நிரலின் படத்தை இயங்குதளம் இழுத்துப் பெரிதாக்குகிறது, அதனால்தான் மங்கல்.

எங்களுக்கு எழுதும் முன் ஒரு சோதனை. பெயின்ட் ஹேண்ட்லரின் முதல் வரியில், ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிறத்தால் பின்னணியை நிரப்புங்கள். எந்தப் பகுதி எப்போது மறுபடி வரையப்படுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். நிறம் மாறவே இல்லையென்றால் பெயின்ட் அழைக்கப்படவில்லை. ஓயாமல் மாறினால், பெயின்ட்டுக்குள்ளேயே யாரோ அப்டேட்டை அழைக்கிறார்கள்.

அதன் பிறகும் தீராவிட்டால் சிக்கலைக் காட்டும் சிறிய நிரல் ஒன்றையும், இயங்குதளப் பதிப்பு, திரை அளவுவிகிதம், இணைத்துள்ள திரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் அனுப்புங்கள். மினுமினுப்புக்கு ஸ்கிரீன்ஷாட் உதவாது, காணொளியாக அனுப்பவும். ஸ்கிரீன்ஷாட்டில் எல்லாம் சரியாக இருந்து திரையில் மட்டும் கோளாறு தெரிந்தால், கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் உதவிக் குழு