உன் ஊர் லிஸ்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மா முட்டி வலிக்குத் தைலம் மாற்றியிருக்கிறாள். மாசம் பிறந்ததும் பணம் டாணென்று வந்துவிட்டது. குரல்தான் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

நீ ஜெர்மனியில் டிரெஸ்டன் போன புதிதில், 'அப்பா, உங்க ஆளு பேர்ல ஸ்டேஷன் பக்கத்துல ஒரு சதுக்கம்' என்று பொருளாதார அறிஞர் ஃபிரெடரிக் லிஸ்ட் பெயர்ப்பலகையைப் படம் பிடித்து அனுப்பினாயே, அது மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. காலேஜ் பக்கம் போனால் அந்தக் கதையைச் சொல்லாமல் திரும்புவதில்லை.

முப்பத்தொரு வருஷம் அந்த ஆளைப் பாடம் நடத்தியிருக்கிறேன். குழந்தைத் தொழில், அதாவது காலூன்றும் வரை வெளிநாட்டுப் போட்டியிலிருந்து காக்கவேண்டிய புதுத் தொழில், 1841-ல் வந்த அவர் புத்தகம், முன்னேறிவிட்ட நாடு தான் ஏறிய ஏணியை உதைத்துத் தள்ளுகிற கதை. அதற்குள் மணி அடித்துவிடும். பரீட்சைக்கு அது போதும். மனுஷனைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

ராய்ட்லிங்கனில் தோல் பதனிடுகிறவர் மகன். அதிகாரிகளைக் குறை சொல்லி மனு எழுதியதற்கு 10 மாதத் தண்டனை, கோட்டைச் சிறை. நாட்டை விட்டுப் போகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகே விட்டார்கள். 1825-ல் அமெரிக்கா. பென்சில்வேனியாவில் பத்திரிகை, நிலக்கரி, ரயில் பாதை என்று காசும் பார்த்தார். அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து, 1833-ல் உன் டிரெஸ்டன் இருக்கிற சாக்சனிக்கு ரயில் திட்டம் எழுதினார். 1839-ல் லைப்சிக்கிலிருந்து டிரெஸ்டன் வரை வண்டி ஓடியது. லைப்சிக், சனிக்கிழமை நீ போய்வருகிற ஊர்தான். ரயில் கம்பெனியில் அவருக்குப் பதவி கிடைக்கவில்லை, கொஞ்சம் அன்பளிப்போடு சரி. சேர்த்த காசும் அமெரிக்கப் பொருளாதார நெருக்கடியில் போயிற்று.

கடைசி வருஷங்களில் ஜெர்மன் நாடுகள் தங்களுக்குள் வரியை நீக்கிச் சேர்ந்த சுங்க ஒன்றியத்தைப் பற்றிய இதழ் ஒன்றை ஏறக்குறைய ஒற்றை ஆளாக எழுதினார். ஓயாத தலைவலி. குடும்பத்துக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயம். 1846 நவம்பரில், உடம்பு தேறத் தெற்கே போகிறேன் என்று கிளம்பியவர், ஆஸ்திரியாவின் டிரோல் மலையில் குஃப்ஷ்டைன் ஊரைத் தாண்டவில்லை. 30-ஆம் தேதி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 57. பெண்டாட்டி பிள்ளைகள் ஆக்ஸ்பர்க்கில்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. போன தடவை நீ தலைவலி என்றாய், தூக்கமில்லை என்றாய். நான் வீட்டு லோன் பேச்சுக்குத் தாவிவிட்டேன். நீயும் 'சரிப்பா, அனுப்பறேன்' என்றாய். அப்புறம் போன் இல்லை. ஒரு வார்த்தை சொல்லக்கூடவா நேரமில்லை என்று அம்மாவிடம் கத்தினேன்.

கத்த எனக்கு என்ன யோக்கியதை? பிளஸ் டூ பிசிக்ஸில் மார்க் குறைந்தபோது பதினோரு நாள் உன்னிடம் பேசாமல் இருந்தவன் நான். அம்மாதான் நடுவில் தூது. பதினோராம் நாள் நீயாக வந்து 'சாரிப்பா' என்றாய். எனக்குக் கேட்டது. பேப்பரைக் கீழே இறக்கவில்லை. நீ சும்மா நின்றுவிட்டுப் போனாய். உன் கால் மட்டும் பேப்பருக்கு அடியில் தெரிந்தது.

அடுத்த மாசம் பணம் அனுப்பாதே. பென்ஷன் போதும். போதாவிட்டாலும் போதும். அங்கே வேலையில் என்ன நடந்திருந்தாலும் சரி, டிக்கெட் போட்டு வந்துவிடு, யாரும் எதுவும் கேட்கமாட்டோம். டாக்டரைப் பார். வேளைக்குச் சாப்பிடு.

உனக்கு ராத்திரி ஒன்பது என்றால் எனக்கு ஒன்றரை. அது பரவாயில்லை. ஹாலில் சார்ஜில் கிடக்கும் போன் இப்போது தலைமாட்டில்தான். இந்தக் கடிதம் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது.

அப்பா