சிவப்பா, நீலமா?

லிவர்பூல்
16.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன ஞாயிற்றுக்கிழமை போனில், "அந்த ஊர்ல ரெண்டு ஃபுட்பால் டீமாமே, நீ எந்தக் கட்சி?" என்று கேட்டீர்கள். நான் சொன்னது உங்கள் காதில் விழவில்லை. பத்து நிமிடம் "ஹலோ, ஹலோ" என்றே போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பீர்கள் என்பதும் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வார்டில் ஒரு தாத்தாவுக்கு ஊசி போடப் போனேன். கையை நீட்டவே இல்லை. "முதல்ல சொல்லு, சிவப்பா நீலமா?" என்றார். தமனியா சிரையா என்று கேட்கிறாரோ என்று ஒரு நொடி குழம்பிப்போனேன். சிவப்பு என்றால் லிவர்பூல், நீலம் என்றால் எவர்டன். ஊருக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். "ஒன்பது நாள் போதாதா?" என்று சொல்லிவிட்டுத்தான் கையைக் காட்டினார்.

இந்த ஊரில் ஜாதி, மதம் யாரும் கேட்பதில்லை. இதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு ஒரே நிறம் என்றும் இல்லை. ஒரே வீட்டில் அப்பா நீலம், மகள் சிவப்பு, பேரன் நீலம் என்று கலந்து கிடக்கும். நான் மாடியறையில் குடியிருக்கும் வீடே அப்படித்தான். வீட்டுக்காரத் தாத்தா எவர்டன், பாட்டி லிவர்பூல். கல்யாணமாகி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அடுப்படியில் இரண்டு டீ கோப்பை, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. மாற்றி ஊற்றிக் கொடுத்தால் தாத்தா குடிக்க மாட்டார். நான் ஒரு தடவை தெரியாமல் கொடுத்து, அந்த டீ அப்படியே ஆறி ஆடை கட்டிப்போனதைப் பார்த்தேன்.

இவர்கள் சண்டை எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள் அப்பா. சுத்தமான வாடகைத் தகராறு.

1878-ல் செயின்ட் டொமிங்கோ என்ற மெதடிஸ்ட் தேவாலயத்துப் பையன்கள் ஒரு டீம் ஆரம்பித்தார்கள். மறு வருடமே எவர்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். 1884-ல் ஆன்ஃபீல்டு என்ற மைதானத்துக்குக் குடிவந்தார்கள். ஆன்ஃபீல்டு என்றால் லிவர்பூல் கிளப்பின் மைதானம் என்று தம்பிகூடச் சொல்வான். அங்கே முதலில் எட்டு வருடம் ஆடியது எவர்டன்தான். 1891-ல் லீக் சாம்பியன் ஆனபோதும் அவர்களுக்கு அதுதான் வீடு.

அந்த இடத்தின் சொந்தக்காரர் ஜான் ஹோல்டிங். பீர் காய்ச்சி விற்றுப் பணக்காரர் ஆனவர், அரசியல்வாதி. கிளப்பின் தலைவரும் அவரே. அதாவது வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே ஆள். 100 பவுண்டாக இருந்த வாடகை சில வருடத்தில் 250 ஆனது. மைதானத்தில் தின்பண்டமும் குடிக்கிற சரக்கும் விற்கும் உரிமையும் அவர் கையில். கமிட்டியில் பல பேர் தேவாலய ஆட்கள், குடிக்கு எதிரானவர்கள். அதில் ஜார்ஜ் மேஹன் என்பவர் அதே செயின்ட் டொமிங்கோவில் ஆர்கன் வாசித்தவர். பீர்க்காரரும் கோயில் வாத்தியக்காரரும் எத்தனை நாளைக்கு ஒத்துப்போவார்கள்?

1892-ல் மேஹன் கட்சி மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, ஸ்டான்லி பார்க் என்ற பூங்காவுக்கு அந்தப் பக்கம் போய் குடிசன் பார்க் மைதானத்தைக் கட்டியது. ஹோல்டிங்கிடம் மண்டபம் இருக்கிறது, மாப்பிள்ளை இல்லை. எவர்டன் என்ற பெயரையாவது பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். கால்பந்துச் சங்கம் விடவில்லை. சரி போ என்று ஊர்ப் பெயரையே வைத்துப் புதிதாக ஒரு கிளப் தொடங்கினார். அதுதான் லிவர்பூல் கிளப். ஆள் பிடிக்க ஸ்காட்லாந்துக்குப் போனார்கள். சட்டைகூட முதல் நான்கு வருடம் நீலமும் வெள்ளையும்தான், சிவப்பு 1896-ல்தான் வந்தது. இந்தக் கடைசி விஷயத்தைத் தாத்தா வாரம் ஒரு தடவையாவது பாட்டியிடம் சொல்லிக்காட்டுவார். "எங்க பழைய சட்டையைப் போட்டுத்தானே பிறந்தீங்க?"

1902-ல் ஹோல்டிங் இறந்தபோது இரண்டு கிளப் ஆட்டக்காரர்களும் சேர்ந்து சவப்பெட்டியைத் தூக்கியிருக்கிறார்கள். பங்காளிகள் என்றால் வேறு யார் தூக்குவார்கள்?

ஒரு மைதானத்திலிருந்து இன்னொன்றுக்குப் பூங்கா வழியாக நடந்து பார்த்தேன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நம் வீட்டிலிருந்து பனிமய மாதா கோயிலுக்குப் போவதைவிடக் குறைவு.

உங்களுக்குப் பிடிக்கும் என்று இன்னொன்றும் சேர்க்கிறேன். ஆன்ஃபீல்டில் கோல் போஸ்டுக்குப் பின்னால் உள்ள மேடைக்கு 'காப்' என்று பெயர். தென்னாப்பிரிக்காவில் 1900 ஜனவரியில் போயர் யுத்தத்தில் ஸ்பியான் காப் என்ற குன்றில் இந்தப் பக்கத்துச் சிப்பாய்கள் ஏராளமாகச் செத்தார்கள். அந்த நினைவில் 1906-ல் வைத்த பெயர். அதே குன்றிலிருந்து அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்தவர்களில் காந்தியும் ஒருவர். அவர் திரட்டிய படையில் முக்கால்வாசிப் பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். சென்னையில் கப்பலேறிப் போன நம் ஆட்கள் அதில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? இதைப் பாட்டியிடம் சொன்னேன். "அப்ப நீ எங்க கட்சிதான்" என்று அந்த இடத்திலேயே முடித்துவிட்டார்.

தாத்தா விடுவாரா? உடனே டிக்ஸி டீன் கதையை எடுத்தார். 1927-28 சீசனில் எவர்டனுக்காக லீக்கில் மட்டும் 60 கோல். இன்றுவரை இங்கே யாரும் அதைத் தாண்டவில்லை. 1980-ல் குடிசன் பார்க்கில் எவர்டனும் லிவர்பூலும் ஆடுவதைப் பார்க்க வந்த இடத்தில், மாரடைப்பு வந்து அங்கேயே உயிர் போனது. "போனா அப்படிப் போகணும்" என்று தாத்தா சொல்ல, "அன்னிக்கு ஜெயிச்சது யாரு?" என்று பாட்டி கேட்க, தாத்தா எழுந்து குப்பையைக் கொட்டப் போய்விட்டார். ஜெயித்தது லிவர்பூல்.

குப்பை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த ஊரில் மாநகராட்சி கொடுக்கும் குப்பைத் தொட்டி கத்தரிப்பூ நிறம். சிவப்பு வைத்தால் நீலத்துக்குக் கோபம், நீலம் வைத்தால் சிவப்புக்குக் கோபம், அதனால் இரண்டையும் கலந்துவிட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையோ என்னவோ, நம்பத் தோன்றுகிறது.

இவர்கள் சண்டையை 'நட்புச் சண்டை' என்று சொல்வது வழக்கம். 1984-ல் லண்டன் வெம்ப்ளியில் இரண்டு டீமும் ஃபைனல் ஆடியபோது சிவப்பும் நீலமும் கலந்து உட்கார்ந்து, "மெர்சிசைடு, மெர்சிசைடு" என்று தங்கள் வட்டாரப் பெயரைச் சேர்ந்து கத்தினார்களாம். ஆனால் அடுத்த வருடமே ஒரு முள் தைத்தது. 1985-ல் பிரஸ்ஸல்ஸ் ஹைசல் மைதானத்தில் லிவர்பூலும் இத்தாலியின் யுவெண்டஸும் ஆட இருந்தன. ஆட்டம் தொடங்கும் முன்பே லிவர்பூல் ரசிகர்கள் பாய, சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். இங்கிலாந்து கிளப்புகளுக்கே ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து வருடத் தடை. அந்த வருடம் லீக் சாம்பியன் எவர்டன். 1987-லும் எவர்டன். அவர்கள் வாழ்நாளில் அப்படி ஒரு டீம் அமைந்ததில்லை, ஐரோப்பாவில் ஆட வழியில்லை. தாத்தா எல்லாவற்றுக்கும் கிண்டல் செய்வார், இதை மட்டும் பேச மாட்டார். பாட்டியும் அப்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.

அப்புறம் 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலின் அரையிறுதி. போலீஸ் கூட்டத்தைச் சரியாகச் சமாளிக்காமல் கேட்டைத் திறந்துவிட, கம்பி வேலிக்குள் ஜனங்கள் நசுங்கினார்கள். மொத்தம் 97 பேர் செத்தார்கள். ரசிகர்கள்மேலேயே பழியைப் போட்டார்கள். இது சட்டவிரோதமான சாவு என்று விசாரணையில் தீர்ப்பு வர 2016 ஆனது. அந்தச் சாவு நடந்து ஒரு வாரம் கழித்து ஊர் ஜனம் ஆன்ஃபீல்டிலிருந்து குடிசன்வரை, அந்தப் பூங்கா முழுக்க, மஃப்ளரோடு மஃப்ளராக முடிச்சுப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். தாத்தாவுடைய மஃப்ளரும் அதில் போனது. அவருடைய அம்மா கையால் பின்னியது. "திருப்பி வாங்கலையா?" என்று கேட்டேன். "முடிச்சை எவன் அவிழ்ப்பான்?" என்றார்.

சரி, போன புதன்கிழமைக்கு வருகிறேன். குடிசன் பார்க்கில் இந்த இரண்டு டீமும் ஆடிய கடைசி ஆட்டம். எவர்டன் அடுத்த சீசனில் ஆற்றங்கரையில் பிராம்லி-மூர் என்ற பழைய கப்பல்துறையை மூடிக் கட்டியிருக்கும் புது மைதானத்துக்குப் போகிறார்கள், 52,000-க்கு மேல் ஆள் உட்காரலாம். துறைமுகத்தில் வேலை பார்த்த உங்களிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும்: 1848-ல் திறந்த கப்பல்துறை அது. அதில் மண்ணைக் கொட்டி மூடினார்கள் என்று கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும். எனக்கே கொஞ்சம் எரிந்தது. தாத்தாவுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை, குடிசனைப் பற்றித்தான்.

இந்த ஆட்டம் டிசம்பரிலேயே நடக்க வேண்டியது, புயல் வந்து தள்ளிப்போனது. எனக்கு அன்று பகல் ட்யூட்டி. வந்து சாதம் வடித்து, பருப்புப் பொடியோடு தட்டை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். தாத்தா ஜன்னல் ஓர நாற்காலி, பாட்டி அடுப்படி வாசல். முதல் கோல் எவர்டன், ஐந்து நிமிடத்தில் லிவர்பூல் சமன். 73-வது நிமிடத்தில் சாலா அடித்து லிவர்பூல் 2-1. தாத்தா டிவியைப் பார்க்கவே இல்லை, முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். தொண்ணூறு நிமிடம் முடிந்து, கூடுதல் நேரமும் முடியப்போகிறது. பாட்டி தேநீர் போட எழுந்தார். 98-வது நிமிடத்தில் டார்கோவ்ஸ்கி என்ற எவர்டன் தடுப்பாட்டக்காரர், பந்து தரையில் விழுமுன் ஓங்கி ஒரு உதை. வலை கிழியாததுதான் பாக்கி. தாத்தா கத்தவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தக் கோல் செல்லுமா செல்லாதா என்று அதிகாரிகள் கோடு போட்டுப் பார்த்த நேரம் முழுக்க அப்படியே இருந்தார். கோல் செல்லும், 2-2 என்றதும் வெளியே தெருவில் எழும்பிய கூச்சல் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. முடிந்த பிறகு ஆட்டக்காரர்கள் அடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ரெட் கார்டு, லிவர்பூல் பயிற்சியாளருக்கும் ஒன்று. நட்புச் சண்டை!

குடிசனில் இருவரும் மோதிய 120 ஆட்டத்தில் ஆளுக்கு 41 வெற்றி, மீதி 38 டிரா. 41-41 என்றே கணக்கை மூடிவிட்டார்கள். பாட்டி நீலக் கோப்பையில் டீ கொண்டுவந்து தாத்தா பக்கத்தில் வைத்துவிட்டு, "லீக்ல இன்னும் நாங்கதான் முதல்ல, ஏழு பாயின்ட் மேல" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

என் கட்சி என்னவென்று கேட்டீர்களே. போன மாதம் தெருவில் ஒருவன் பாதி சிவப்பு, பாதி நீலமாக ஒரு மஃப்ளர் விற்றான். இரண்டு பேருக்கும் பொதுவாக இருக்கட்டுமே என்று பத்து பவுண்டு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே குரலில் "கழட்டு அதை!" என்றார்கள். சுற்றுலா வந்தவர்கள்தான் அதைப் போடுவார்களாம், மானக்கேடாம்.

அதை மடித்து மாத்திரைப் பொட்டலத்தோடு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த மார்கழிப் பனிக்கு டீக்கடைக்குப் போகும்போது காதை மூடிக்கொள்ளலாம். நடுச்சுவர் விவகாரத்துக்குப் பிறகு சித்தப்பாவும் அதே கடைக்குத்தான் வருகிறார், பேசாமல் பேப்பர் படிக்கிறார் என்று அம்மா சொன்னாள். இது என்ன நிறம் என்று அவர் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

அன்பு மகள்