சொட்டுகிற குழாயும் ஒரு லிட்டர் பாட்டிலும்

அன்பு நண்பா,

நலம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தேர்வுத்தாள் திருத்தி முடித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். மகள் விடுதிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்கும் எதுவும் ஓடவில்லை. அவளுக்கு முதல் பல் விழுந்ததை நீ எழுதியது நேற்றுப்போல இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். நானும் இரண்டு வருஷமாக இதில்தான் இருக்கிறேன். முதல் வருஷம் வழக்கமாக நடப்பதையே நானும் நடத்தினேன். ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி, உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று மரக்கன்று. கன்று நட்டோம், படம் எடுத்துக்கொண்டோம். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் பாதிக்கு மேல் காய்ந்து குச்சியாக நின்றன. யார் தண்ணீர் ஊற்றுவது என்று நாங்கள் பேசி வைக்கவே இல்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்தக் குச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் இதே குழியிலதான் நடுவோமா சார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1977இல், இன்றைய ஜார்ஜியா நாட்டின் தலைநகரான திபிலீசியில் யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து ஒரு மாநாடு நடத்தின. சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்கள் என்று அங்கே ஐந்தைச் சொன்னார்கள்: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. இத்தனை வருஷம் கழித்தும் பெரும்பாலான பள்ளிகள் முதல் படியைத் தாண்டவில்லை என்றே எனக்குப் படுகிறது. விழிப்புணர்வு ஊர்வலம், விழிப்புணர்வு வாசகம், விழிப்புணர்வு நாடகம். பூமி சூடாகிறது என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தன் வகுப்பறை வாசலில் என்ன வீணாகிறது என்று கேட்டால்தான் தெரியாது.

அதனால் போன வருஷம் பேசுவதைக் குறைத்துவிட்டு அளக்க ஆரம்பித்தோம். கழிப்பறை ஓரமாக ஒரு குழாய் பல மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அதன் அடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து, மாறி மாறிக் காவல் இருந்து நேரம் குறித்தார்கள். பாட்டில் நிரம்ப இரண்டரை மணி நேரம் ஆனது. ஒரு நாளைக்கு 9.6 லிட்டர், வருஷத்துக்கு 3,500 லிட்டர். கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. "இது ஒரு குழாய் சார். மொத்தம் எத்தனை சொட்டுது?" என்று அவர்களில் ஒருத்தியே கேட்டாள். பள்ளி முழுக்கச் சுற்றி ஏழு குழாய்களைக் கண்டுபிடித்தார்கள். எல்லாக் கணக்கையும் ஒரே தாளில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நான் அறைக்கு வெளியிலேயே நின்றுகொண்டேன். பத்து நாளில் ஐந்து குழாய்க்கு வாஷர் மாற்றியாகிவிட்டது. மீதி இரண்டும் இன்னும் சொட்டுகின்றன, இவர்களும் வாரா வாரம் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்த எண் புத்தகத்திலிருந்து வந்திருந்தால் இப்படிக் கேட்டிருப்பார்களா? அது அவர்கள் உட்கார்ந்து பிடித்த தண்ணீர்.

அடுத்தது மதியம் கொட்டுகிற மிச்சச் சாப்பாடு. ஐந்து நாள் எடை போட்டுப் பார்த்துவிட்டு, உரக்குழி போடலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இப்படிப்பட்ட கழிவு குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் புதைந்து அழுகினால் மீத்தேன் வாயு வரும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் எங்கள் குழியே இரண்டு வாரத்தில் நாறிப்போனது. பக்கத்து வகுப்பில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். ஈரமானதையே கொட்டிக் காற்றோட்டம் இல்லாமல் செய்துவிட்டோம். நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் சுமார் முப்பது பங்கு வேண்டும். பிள்ளைகள் கார்பன் நிறைந்த காய்ந்த சருகை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கலந்து கிளறினார்கள். நான்காம் நாள் வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 58 டிகிரி. ஒரு பையன் கையை உள்ளே விட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "சார், இது உயிரோட இருக்கு!" என்று கத்தினான். நுண்ணுயிர் பாடம் அன்றைக்கு நடத்தியதுபோல் எனக்கு என்றைக்கும் அமைந்ததில்லை.

பாடத்தை விட்டுவிட்டுச் செயலில் மட்டும் இறங்கிவிடு என்று நான் சொல்ல வரவில்லை. ஓசோன் ஓட்டை வழியாக வெயில் இறங்குவதால்தான் பூமி சூடாகிறது என்று இப்போதும் கட்டுரையில் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு என்று பொறுமையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். இன்றைக்குக் குளிர்கிறதே என்று கேட்பவனுக்கு, வானிலை வேறு, முப்பது ஆண்டு சராசரியை வைத்துப் பார்க்கிற காலநிலை வேறு என்று புரியவைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குக் கனமாக இருக்கிறது. பிள்ளைகள் பயந்துபோயிருக்கிறார்கள். 2021இல் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் கேட்டதில், ஏறக்குறைய அறுபது சதவீதம் பேர் காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி, "எங்க குழாயை அடைச்சா பனிப்பாறை உருகாம நின்னுடுமா?" என்று கேட்டாள். நிற்காது என்றுதான் சொன்னேன். நிலக்கரியையும் எண்ணெயையும் எவ்வளவு எரிப்பது என்பது அரசுகளும் பெரிய நிறுவனங்களும் எடுக்கிற முடிவு, அந்தப் பாரத்தைப் பிள்ளைகள் தலையில் வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். கிரேட்டா துன்பெர்க் என்ற பள்ளி மாணவி 2018 ஆகஸ்டில் காலநிலைக்காக ஸ்வீடன் நாடாளுமன்றத்துக்கு வெளியே தனியாகப் போய் உட்கார்ந்ததையும், அடுத்த மார்ச்சில் பத்து லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் உலகெங்கும் தெருவுக்கு வந்ததையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நாங்க கணக்கோட போய்க் கேக்கலாம்ல?" என்றாள். கேட்கலாம் என்றேன்.

எனவே முதல் கூட்டத்தில் நீ எந்தத் தலைப்பும் கொடுக்காதே. 1994இல் தொடங்கிப் பல நாட்டுப் பள்ளிகளில் நடக்கிற ஈகோ ஸ்கூல்ஸ் என்ற சுற்றுச்சூழல் திட்டத்திலும் முதல் வேலை மாணவர் குழு அமைப்பது, அடுத்தது அந்தக் குழுவே பள்ளியை ஆய்வு செய்வது. நீயும் அவர்களை ஒரு நோட்டோடு பள்ளியைச் சுற்றிவர அனுப்பு. ஆளில்லாத அறையில் ஓடுகிற மின்விசிறி, திறந்து கிடக்கிற குழாய், நிழலே இல்லாத மூலை என்று எதையாவது பிடித்துக்கொண்டு வருவார்கள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள், ஒரு வருஷத்துக்கு அது போதும். கன்று நடுவதாக இருந்தால் விடுமுறைக்குத் தண்ணீர் முறை போட்ட பிறகு நடு.

என்ன பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று எனக்கு எழுது. குழிக்குள் குத்துகிற வெப்பமானி ஒன்று கூடுதலாக இருக்கிறது, வேண்டுமென்றால் அனுப்புகிறேன். மகளுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்