விரலுக்குத் தகுந்த பிளாக் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு நிரலாக்கம் கற்றுத்தருவது பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையில், இந்த மென்பொருள்கள் இப்போது டேப்லெட்டிலும் ஓடுகின்றன என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஓடுகின்றன, சரி. ஆனால் குழந்தையால் அதில் தடையில்லாமல் வேலை செய்ய முடிகிறதா என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

கட்டளை எழுதிய வண்ணக் கட்டைகளை, அதாவது பிளாக்குகளை, இழுத்து ஒட்டி நிரல் எழுதும் மென்பொருள்தான் ஸ்க்ராட்ச். அது 2007-ல் வந்தபோது மவுஸை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். 2013-ல் வந்த இரண்டாம் பதிப்பு ஐபேட் ஏற்காத ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டதால் ஐபேடில் திறக்கவே திறக்காது. 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பு வந்த பிறகுதான் டேப்லெட்டிலேயே நிரல் எழுத வழி பிறந்தது. பெரிய உழைப்பு அது, மறுக்கவில்லை.

என் மகளுக்கு எட்டு வயது. பிளாக்கை இழுக்கப் போனால் சில நேரம் பிளாக்குகள் இருக்கும் பட்டியல்தான் நகர்கிறது, ஏனென்றால் இரண்டுக்கும் விரல் செய்வது ஒரே வேலை. மவுஸில் பட்டியலை நகர்த்தத் தனிச் சக்கரம் இருந்தது. 'மீண்டும் செய்' பிளாக்கின் வாய் போன்ற இடைவெளிக்குள் இன்னொன்றைச் செருகும்போது, அது எங்கே போய் ஒட்டப்போகிறது என்பதை அவள் விரலே மறைத்துவிடுகிறது, கையை எடுத்தால் பிளாக் வெளியே கிடக்கிறது. நாலு தடவை இப்படி ஆனதும் "எனக்கு இதெல்லாம் வராது" என்று டேப்லெட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அவள் யோசித்த வரிசை சரியாகவே இருந்தது! அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் இந்த அம்புக்குறி விசைகள். ஸ்க்ராட்சில் வரும் பூனையை நடக்க வைக்கும் பாடங்கள் பலவும் அதை வைத்துத்தான் தொடங்குகின்றன, டேப்லெட்டில் விசைப்பலகையே கிடையாது. திரையிலேயே நான்கு அம்புகளை வரைந்து, அவற்றைத் தொட்டால் பூனை நகரும்படி செய்யலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். பாடம் எழுதுகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் என்ன?

தொடுதிரைக்கென்றே யோசித்தால் எப்படி வரும் என்பதற்கு 2014-ல் ஐபேடுக்கு வந்த ஸ்க்ராட்ச் ஜூனியரைப் பாருங்கள். எழுத்துக்குப் பதில் படம், இடமிருந்து வலமாக ஒட்டும் பெரிய பிளாக்குகள், எண்ணைத் தொட்டால் திரையில் எண் பலகை. ஆனால் அது ஐந்து முதல் ஏழு வயதுக்காரர்களுக்கானது. எட்டு வயது ஆனவுடன் விரல் மவுஸாக மாறிவிடுமா? பிளாக்கை ஒருமுறை தொட்டு, சேர வேண்டிய இடத்தை இன்னொரு முறை தொட்டால் போய் ஒட்டிக்கொள்ளும்படி வைக்கலாம். ஒட்டப்போகும் இடத்தை விரலுக்கு மேலே பெரிதாக்கிக் காட்டலாம். ஆப்பிள் தன் வழிகாட்டியில் தொடும் பொத்தான் எதுவும் 44 புள்ளிக்கு (திரையில் அளவைக் குறிக்கும் அலகு) குறையக் கூடாது என்கிறது. குறி தவறும் சின்னக் கைகளுக்கு அதைவிடத் தாராளமாகவே வேண்டும்.

அடுத்த முறை இப்படி ஒரு செயலியைப் பற்றி எழுதும்போது, தயவுசெய்து ஒரு குழந்தையின் கையில் டேப்லெட்டைக் கொடுத்து, அரை மணி நேரம் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி