ரிச்மண்டில் புதைந்து கிடந்த படகுகள்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. டாக்டர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். அதனால் காலை நேரத்தில் மகள் ஆபீஸ் போகிற வழியில் என்னை ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இறக்கிவிடுகிறாள்.

வாய்க்காலும் மதகுமாகவே சர்வீஸ் முழுக்கக் கழித்தவன் நீ. இந்த ஊர்க் கால்வாயைப் பற்றி உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது?

இங்கே வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் ஜேம்ஸ் ஆறு ஏழு மைலுக்குள் சுமார் 100 அடி இறங்குகிறது. வழி முழுக்கப் பாறை. மேற்கேயிருந்து வரும் புகையிலை துறைமுகம் சேர வேண்டுமானால் பாறைகளைச் சுற்றிக்கொண்டு போக ஒரு கால்வாய் வேண்டும். அதற்காக 1785இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் இதற்காக விடாமல் வாதாடியவர். கௌரவத் தலைவராகவும் இருந்தார். கால்வாய் வளர்ந்துகொண்டே போய், 1851இல் 197 மைல் தள்ளியிருக்கும் புக்கானன் என்ற ஊரைத் தொட்டது. ஆனால் அதற்குள் ரயில் வந்துவிட்டது. 1877 வெள்ளம் கரைகளை உடைத்தது. 1880இல் ஒரு ரயில் கம்பெனி எல்லாவற்றையும் வாங்கி, படகை இழுத்துக்கொண்டு குதிரைகள் நடந்த கரைமேலேயே தண்டவாளம் போட்டது. ஊர் நடுவே படகுகள் திரும்பி நிற்பதற்கு ஒரு பெரிய குளம் இருந்தது. அதையும் தூர்த்துவிட்டார்கள்.

நூறு வருஷம் கழித்து, 1980களில், அந்த இடத்தில் ஜேம்ஸ் சென்டர் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது சேற்றுக்குள்ளிருந்து படகுகள் தலைகாட்டின. அறுபதுக்கும் மேல்! காற்றுப் புகாத ஈரச் சேறு மரத்தை அழுகவிடாமல் வைத்திருந்தது. ஆனால் வெளியே எடுத்துக் காயவிட்டால் வெடித்துப் போகும். அத்தனையையும் பதப்படுத்திக் காப்பாற்ற முடியாது. கட்டட வேலையும் நிற்காது. ஆய்வாளர்களும் ஊரிலிருந்து உதவிக்கு வந்தவர்களும் சேற்றில் இறங்கி, பலகை பலகையாக அளந்து படம் வரைந்தார்கள். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த அளவெடுப்புதான்.

ஏனென்றால் அதில் பல படகுகள் ‘பேட்டோ’ என்ற வகை. 1771இல் வந்த பெருவெள்ளம் இந்த ஆற்றில் ஓடிய பழைய ஓடங்களை அடித்துக்கொண்டு போனபிறகு ரக்கர் என்ற சகோதரர்கள் உருவாக்கியது. 1775இல் அதை நேரில் பார்த்ததாக, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜெபர்சன் தன் கணக்குப் புத்தகத்தில் குறித்திருக்கிறார். தட்டையான அடி, இரண்டு பக்கமும் கூர்மை, நீளம் ஐம்பது அடி அளவில். முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகும். இரண்டு ஓரத்திலும் நடைபலகை உண்டு. இரும்புப் பூண் போட்ட கழியை ஆற்றுப் படுகையில் ஊன்றி, தோளில் முட்டுக்கொடுத்து, முன்னாலிருந்து பின்னால்வரை நடந்தே படகைத் தள்ளுவார்கள். ஒரு படகுக்கு மூன்று ஆள். பெரும்பாலும் அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவர்கள். புகையிலை யாருடையது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கழி ஊன்றியவர்களின் பெயர்கள் அநேகமாக எங்கேயும் இல்லை. பிரவுன்ஸ் தீவில் அவர்களுக்காக ‘ஹெட்மேன்’ என்ற சிலை வைத்திருக்கிறார்கள். முதலில் வைத்தது திருடு போய், 1993இல் வெண்கலத்தில் மறுபடி வைத்தார்களாம். நான் அங்கே நிற்காமல் போவதில்லை.

சேற்றில் எடுத்த அளவுகளை வைத்துப் புதுப் படகுகள் கட்டினார்கள். 1980களின் நடுவிலிருந்து வருஷா வருஷம் ஜூனில் லிஞ்ச்பர்க்கிலிருந்து மெய்டன்ஸ் வரை 120 மைல், எட்டு நாள், அந்தப் படகுகளிலேயே ஆற்றில் வருகிறார்கள். போன வருஷம் வழியில் இருக்கும் ஸ்காட்ஸ்வில் துறையில் போய்ப் பார்த்தேன். ஒரு படகில் ஒரு பெண் வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தாள். கேட்டேன். பலகை ஊறி உப்பும்வரை இடுக்கில் கசியத்தான் செய்யும், ஊறிவிட்டால் அடைத்துக்கொள்ளும் என்றாள். படகு கட்டிப் பார்த்தால்தானே இதெல்லாம் தெரியும்!

ஊருக்குள்ளும் கால்வாயை ஒன்றேகால் மைல் சீர்செய்து 1999இல் திறந்தார்கள். கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலையோடு சேர்த்தே இதையும் முடித்தார்களாம், கெட்டிக்காரத்தனம். நடக்க நன்றாக இருக்கிறது, சுற்றுலாப் படகு ஓடுகிறது. ஆனாலும் எனக்கு அந்த ஒழுகுகிற பேட்டோதான் உசத்தி.

அப்புறம் ஒரு சந்தேகம். 1850களில் கட்டிய லாக்குகளின் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் தொட்டிகளின்) கருங்கல் சுவர் சில இடங்களில் இன்னும் நிற்கிறது. கல்லுக்குக் கல் அவ்வளவு நெருக்கம். தண்ணீர் ஏறி இறங்கும் சுவருக்கு அந்தக் காலத்தில் என்ன காரை போட்டிருப்பார்கள்? உனக்குத் தோன்றுவதை எழுது. போட்டோ தனியாக அனுப்புகிறேன். கால் முழுக்கச் சரியானால் அடுத்த ஜூனில் நீயும் மீனாட்சியும் கிளம்பி வாருங்கள். விசாவுக்கு இப்போதே எழுதிப் போடு, நாள் கிடைக்கத் தாமதமாகிறது.

அன்புடன்,
ராமு