உறைபனிக்கு ஒரு வளைவுக் கூடாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீலகிரி உறைபனி பற்றி ஒவ்வொரு ஆண்டும் வெள்ளைப் புல்வெளிப் படம் போடுகிறீர்கள். சரி, சுற்றுலாப் பயணிகளுக்கு அது அழகுதான். எங்கள் கேத்திப் பக்கம் அன்றைக்கு உருளைக்கிழங்கு இலை கருகிக் கிடக்கும். கேரட்டாவது ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது.

வீட்டுப் பாத்திகளுக்கு நான் போடுவது எளிய கூடாரம். பாத்தி 3 அடி அகலம். இரு ஓரங்களிலும் கட்டடக் கம்பித் துண்டுகளை ஓரடி ஆழம் அடித்து, 5 அடி கறுப்புத் தண்ணீர் பைப்பை வளைத்து இரு முனையிலும் செருகிவிடுவேன். 3 அடிக்கு ஒரு வளைவு போதும். மேலே பாலித்தீன் ஷீட், ஓரத்தில் செங்கல். ஷீட் இலையில் படக்கூடாது. பட்ட இடம் கருகும்.

மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் மண்ணின் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே வெயில் சாயும்போதே மூடிவிட வேண்டும். இருட்டியபின் மூடினால் பாதிப் பயன்தான். காலையில் வெயில் ஏறியதும் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே செடி வெந்துபோகும். மறக்கிறவர்கள் (எங்கள் வீட்டிலும் உண்டு) இரு முனைகளையாவது திறந்து வைக்கலாம். அப்புறம், மெல்லிய ஷீட் ஒரு சீசனில் கிழிந்து ஓடையில் குப்பையாகும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் ஷீட்டே வாங்குங்கள்.

பெரிய பசுமைக்குடிலுக்கு அரசு மானியம் இருக்கிறது. இந்தச் சிறு வளைவுகளையும் தோட்டக்கலைத் துறை செய்து காட்டினால், 2 சென்ட் வைத்திருப்பவர்களும் பிழைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டக்காரர் ஒருவர்,
கேத்தி, நீலகிரி